பூ இல்லாத வேலி கேட்பவர்களுக்கு

இரண்டு மூன்று வாரம் வெயில் காய்ச்சி எடுத்து, அப்புறம் ஒரு பெருமழை கொட்டித் தீர்த்தால், சிங்கப்பூர்க் குடியிருப்புகளில் நிற்கும் கெமுனிங் வேலிகள் எல்லாம் பேசிவைத்தாற்போல ஒரே சமயத்தில் பூக்கும். சாயங்காலம் கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட் வரைக்கும் வாசனை கூடவே வரும். மறுநாளோ அதற்கு மறுநாளோ காலையில் இறங்கினால் நடைபாதை முழுக்க வெள்ளை இதழ். யாராவது ஒருவர் அதைப் படமெடுத்துக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போடுவார். "இந்தப் பூந்தூளாலதான் பிள்ளைக்கு விடாமத் தும்மல். வெட்டிட்டு, பூவே இல்லாத பச்சைச் செடியா வைக்கச் சொல்லுங்க." கீழே பத்துக் கட்டைவிரல் வந்து விழும். "எங்க வீட்லயும் அதேதான்" என்று ஓர் அக்கா சேர்ந்துகொள்வார்.

இதில் முதல் வாக்கியம் தப்பான ஊகம், அவ்வளவுதான். பூத்த நாளும் தும்மிய நாளும் ஒன்றாக இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உறுத்துவது இரண்டாவது வாக்கியம். "பூவே இல்லாத பச்சைச் செடி" என்று நாம் எதை நினைக்கிறோமோ, அவற்றில் சிலவற்றுக்குப் பூ உண்டு. கண்ணுக்குத் தெரியாத பூ. காற்றில் மகரந்தம் விடுவது பெரும்பாலும் அந்த வகைதான். வாசனைக்காரியைத் துரத்திவிட்டு வாய் பேசாதவளைக் கூட்டி வந்து வைக்கிற கதை இது.

கெமுனிங்கை நம் ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவது சுலபம். இலையைக் கிள்ளிக் கசக்கிப் பார்த்தால் உறவு தெரியும்: கறிவேப்பிலையின் ஒன்றுவிட்ட சகோதரி, நாரத்தை எலுமிச்சைக் குடும்பம். சிற்றிலைகள் கறிவேப்பிலையைவிட அகலமாக, பளபளவென்று, ஒரு காம்பில் மூன்றிலிருந்து ஏழு வரை. பூவுக்கு ஐந்து இதழ். நடுவில் பத்து மகரந்தத்தாள்கள், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மாறி மாறி. பூ உதிர்ந்த பிறகு சின்னச் சின்னதாய்ச் செம்மஞ்சள் பழம்; அதை மைனாக்கள் தின்னும். மலாய்க்காரர்கள் கிரிஸ் கத்தியின் பிடிக்கு இதன் மஞ்சள் வைர மரத்தைத்தான் விரும்பி எடுத்தார்கள். அடிக்கடி வெட்டி வேலியாக நிறுத்திவைப்பதால் செடி என்கிறோம். விட்டால் சின்ன மரம்.

கருப்புத் தாள்

இந்த வழக்கைத் தீர்க்க ஆய்வகம் வேண்டாம். பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் கருப்புத் தாள் ஒன்று போதும். காலை ஒன்பது பத்து மணிக்கு, இலையில் மழை ஈரம் இல்லாத நாளில், பூத்த கிளை ஒன்றின் அடியில் தாளைப் பிடியுங்கள். கிளையை உலுக்க வேண்டாம். பேனாவால் நாலு தட்டு. கெமுனிங்கில் என்ன விழும்? நாலைந்து இதழ், ஒரு காய்ந்த காம்பு, இரண்டு எறும்பு. தாளைச் சாய்த்து ஊதினால் எல்லாம் போய்விடும். தாள் பழையபடி கருப்பு. இப்போது பூ ஒன்றைப் பறித்து அதன் நடுவை அதே தாளில் தேயுங்கள். மஞ்சளாக ஒரு தீற்றல் விழும். ஊதினாலும் போகாது, விரலால் துடைத்தால் இன்னும் பரவும். அந்தத் தீற்றல்தான் மகரந்தம். ஒட்டுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பூச்சியை நம்பிப் பூக்கிற செடியின் மகரந்தத்துக்கு மேலே எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு பூச்சு இருக்கும். தேனீயின் காலில், வயிற்று மயிரில் பிடித்துக்கொள்வதற்காக. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடக்கும். சின்னக் காற்றுக்குப் பறக்காது. வாசனையும் தேனும் செடிக்குச் சும்மா வருவதில்லை. அவ்வளவு கூலி கொடுத்து ஆள் வைத்த செடி, சரக்கைக் காற்றில் அள்ளி வீசாது. செம்பருத்தி இதன் உச்சம். அதன் மகரந்த மணி 100 மைக்ரானுக்கும் மேல் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), உடம்பெல்லாம் முள். உற்றுப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே பொடிமணியாகத் தெரியும். அது பறந்து மூக்குக்குள் போவதற்கு வாய்ப்பு குறைவு. இட்லிப்பூவுக்கு ஊசி மாதிரி நீளக் குழாய். அடியில் இருக்கும் தேனுக்காக வண்ணத்துப்பூச்சி வரும், சின்னப் பிள்ளைகளும் வருவார்கள். காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் வண்ணம் இலையின் மாறுவேடம். உண்மையான பூ நடுவில் குச்சியாக நிற்கும் அந்த மூன்று வெள்ளை. இந்த நாலையும் நம்முடைய வேலிகளில் இருந்து எடுத்துவிட்டால் தெருவில் நிறமே மிஞ்சாது. ஆனால் காற்றில் மகரந்தம் குறையுமா என்றால், பெரிதாகக் குறையாது.

காற்றை நம்பும் செடியின் கணக்கு வேறு. எந்த மணி எங்கே போய் விழும் என்று அதற்குத் தெரியாது. அதனால் மழுமழுவென்று, உலர்ந்த, லேசான மணிகளை லட்சக்கணக்கில் விடும். பெரும்பாலும் 15 முதல் 40 மைக்ரானுக்குள். மூக்கில் சிக்குவதற்கு ரொம்பப் பொருத்தமான அளவு. அதே கருப்புத் தாளை, காய்ந்த காலையில், ஆண்பூ விட்ட சவுக்குக் கிளையின் அடியில் பிடித்துத் தட்டிப் பாருங்கள். தாளில் படிவதற்கு முன்னாலேயே வெளிச்சத்தில் புகை மாதிரி நகர்வது தெரியும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அதற்கப்புறம் கெமுனிங்கின் மேல் பழி போட மாட்டார் என்பது என் எண்ணம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் தப்பு. பூச்சிக்காகப் பூக்கும் பூவும் ஒவ்வாமை தரலாம். நாள் முழுக்க முகத்துக்கு நேரே வைத்து வேலை செய்தால். சாமந்தி வளர்ப்பவர்களுக்கும் பூ வியாபாரிகளுக்கும் அப்படி வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் மாலை கட்டுகிற கைக்கும், ஏழாவது மாடியில் சன்னலைத் திறக்கிற மூக்குக்கும் தூரம் அதிகம். தூரம்தான் இங்கே பாதி மருந்து.

கண்ணில் படாத பூ

இப்போது அந்தப் "பூ இல்லாத" செடிக்கு வருவோம். மலாய் வட்டாரத்தில் வேலிக்கென்றே பேர்போன ஒரு செடி உண்டு. இலை தேயிலை மாதிரி சின்னதாக, பளபளப்பாக, ஓரத்தில் பல் வைத்து இருக்கும். அதனால் இந்தோனேசியாவில் அதற்கு "தே-தேஹான்" என்றே பெயர். எத்தனை முறை வெட்டினாலும் சுவர் மாதிரி அடர்ந்து நிற்கும். தாவரப் பெயர் அகாலிஃபா சியாமென்சிஸ். "இது பூக்கவே பூக்காது" என்று நர்சரியில் சொன்னால் நம்பிவிடத் தோன்றும். இலைக் கக்கத்தை விலக்கிப் பாருங்கள்: பச்சையும் மஞ்சளும் கலந்து நூல் மாதிரி ஒரு கதிர். அதுதான் பூ. இதழ் இல்லை, வாசனை இல்லை, தேன் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. காற்றுதான்.

இந்தச் செடியின் நெருங்கிய சொந்தம் நமக்குத் தெரியாததில்லை. குப்பைமேனி. வாய்க்கால் ஓரத்தில், தொட்டிச் செடியின் இடுக்கில் தானாக முளைத்து நிற்குமே, அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் புளோக்குக் கீழே திரிகிற பூனைகள் எல்லாம் ஓடிவந்து புரளும்; அதனால்தான் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர். குப்பைமேனியின் கதிரைப் பார்த்தவருக்கு வேலிச்செடியின் கதிரும் அடையாளம் தெரிந்துவிடும். செம்பு நிறத்திலும் கருஞ்சிவப்பிலும் பெரிய இலை விடும் அகாலிஃபா வகைகளும் இதே குலம்தான். ஆமணக்கும் தூரத்துச் சொந்தம். அதன் மகரந்தம் ஒவ்வாமைக்குப் பெயர் வாங்கியது. அதே குலத்தில் தலைகீழ் உதாரணமும் உண்டு. நீளமாகச் சிவப்புப் பட்டு வால் தொங்குமே, பூனைவால் என்று பிள்ளைகள் தடவிப் பார்க்கும் செடி, தோட்டங்களில் வளர்வது பெண்செடி மட்டும். அந்த வாலில் மகரந்தம் ஒரு மணிகூடக் கிடையாது. பார்வைக்கு அதுதான் ரொம்ப மிரட்டும்.

அமெரிக்காவில் தாமஸ் ஓக்ரென் என்கிற தோட்டக்கலைக்காரர் செடிகளுக்கு 1 முதல் 10 வரை (எண் குறைந்தால் நல்லது) ஒவ்வாமை மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். ஆண், பெண் தனித்தனியாக இருக்கும் வகைகளில் பெண்செடிக்கு அடிமட்ட மதிப்பெண் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். அவர் மனதில் இருந்தது அமெரிக்கத் தெருக்கள். நம் வேலிக்கு அந்த எண்களை அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் அந்தக் கேள்வி நமக்கும் பொருந்தும்: செடி ஆணா, பெண்ணா, இரண்டுமா? மகரந்தம் யார் வழியாகப் போகிறது?

காற்றில் போகும் மகரந்தம் எல்லாமே தும்மல் தரும் என்பதும் இல்லை. ஊசியிலைப் பைன் மரங்கள் மஞ்சள் மேகமாகக் கொட்டும். ஒவ்வாமை தருவது குறைவு. மணிக்குள் இருக்கும் புரதம் எது, அது ஈரச் சளிப்படலத்தில் எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தே-தேஹான் வேலியை மாதம் தவறாமல் வெட்டுகிற இடத்தில் கதிர் முற்றுவதற்குள் போய்விடும். கவலைப்பட வேண்டியது யாரும் கவனிக்காமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட வரிசையைப் பற்றி. அதுவும் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் கீழே இருந்தால்.

இந்த இடத்தில் ஃபைக்கஸ் வேலியைச் சொல்லாமல் போக முடியாது. அத்தி பூத்தாற்போல என்று சும்மாவா சொன்னார்கள்? அத்திக் குலத்தின் பூ காய்க்குள்ளேயே பூத்து, அதற்கென்று வரும் குளவி ஒன்றின் உடம்பில்தான் வெளியே போகிறது. மகரந்தம் காற்றுக்கு வர வழியே இல்லை. எனவே ஃபைக்கஸ் பாதுகாப்பு என்று முடிவுகட்டினால், அதிலும் ஒரு திருப்பம். கிளை தொங்கும் பெஞ்சமினா வகையை வீட்டுக்குள் தொட்டியில் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வாமை வருவது நன்றாக அறியப்பட்டது. காரணம் மகரந்தம் அல்ல, பால். இலையின் மேல் படியும் பாலின் புரதம் காய்ந்து, தூசியோடு தூசியாகக் காற்றில் கலக்கிறது. சிலருக்கு அதோடு அத்திப்பழம், பப்பாளி சாப்பிட்டாலும் வாய் அரிக்கும். வெளியே மழை கழுவிவிடுகிற வேலியில் இது பெரிய பிரச்சினை இல்லை. ஏர்கான் போட்ட வரவேற்பறை மூலையில்தான். அங்கே வைத்தால் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடையுங்கள். தூசி தட்டுகிற இறகுத் துடைப்பம் வேண்டாம், அது இருப்பதைக் கிளப்பிவிடும்.

தேடினால் வருகிற வேலி வேறு

வேலிச்செடி, ஒவ்வாமை என்று வலையில் தேடியவருக்கு முதலில் கிடைப்பது பிரிவெட் என்கிற செடியாகத்தான் இருக்கும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அதைப் பற்றிப் புகார் எழுதாதவர் இல்லை. ஆலிவ் குடும்பம். அதன் மகரந்தப் புரதம் ஆலிவ் மகரந்தத்தில் உள்ள முக்கிய ஒவ்வாமைப் புரதத்தை ஒத்தது. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வெள்ளைப் பூ, தூக்கலான வாசனை, பூத்தால் தும்மல் என்று படித்துவிட்டு, கீழே எட்டிப் பார்த்தால் வெள்ளைப் பூ, தூக்கலான வாசனை. முடிவு தானாக வந்துவிடும். ஆனால் நம் வேலியில் நிற்பது எலுமிச்சைக் குடும்பம். அங்கே எழுதியது ஆலிவ் குடும்பத்தைப் பற்றி. பிரிவெட்டே பூச்சியை நம்பும் செடிதான், அதன் மகரந்தமும் வெகுதூரம் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பிரச்சினையே தவிர ஊர்ப் பிரச்சினை இல்லை.

பிரிவெட்டின் உறவு சிங்கப்பூரில் யார் தெரியுமா? நம் மல்லிகை. அதுவும் அதே ஆலிவ் குடும்பம். பூவைப் பிரித்தால் இரண்டே இரண்டு மகரந்தத்தாள், அந்தக் குடும்பத்தின் அடையாளம். அவையும் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். பஃபலோ ரோட்டில் முழம் போட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொள்வதை இதற்காக யாரும் நிறுத்த வேண்டியதில்லை. நாம் வாங்குவது பெரும்பாலும் மொட்டு. அடுக்கு மல்லியில் தாள்களே இதழாக மாறிப்போவதால் மகரந்தம் இன்னும் குறைவு. தலைவலி வருகிறது என்பவர்களுக்கு வருவது வாசனையால்.

அந்த வாசனை விஷயத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கெமுனிங் பூத்த அன்று மூக்கடைக்கிறது, கண்ணுக்குப் பின்னால் கனக்கிறது என்பவர் பொய் சொல்லவில்லை. கடும் வாசனை மூக்கின் நரம்பை நேரடியாகத் தூண்டும். சாம்பிராணி, வாசனைத் தெளிப்பான், வெங்காயம் தாளிக்கிற நெடி எல்லாம் அப்படித்தான். இது எரிச்சல், ஒவ்வாமை அல்ல. வித்தியாசம் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி உதவும்: அரிக்கிறதா? மூக்கும் கண்ணும் அண்ணமும் அரித்து, அடுக்கடுக்காகத் தும்மல் வந்தால் ஒவ்வாமையின் சாயல். அரிப்பே இல்லாமல் நீர் ஒழுகி, அடைத்து, தலை கனத்தால் எரிச்சலின் சாயல். எரிச்சலுக்கு ஒவ்வாமை மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. "மாத்திரை போட்டும் நிக்கல, அவ்வளவு கடுமையான அலர்ஜி" என்று சொல்லும்போது இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம். அன்று இரவு பூ இருக்கும் பக்கத்துச் சன்னலைச் சாத்தினாலே பாதி குறையும்.

சன்னலில் ஒரு கண்ணாடித் துண்டு

சிங்கப்பூர்க் காற்றைச் சலித்து ஆராய்ந்தவர்கள் பட்டியலிட்டதில் தோட்டப் பூக்கள் முன்னால் வருவதில்லை. காளானும் பூஞ்சையும் விடும் வித்துகள், பெரணி வித்துகள், செம்பனை மகரந்தம், சவுக்கு, அக்கேஷியா, புல், கோரை. பெரணி என்றதும் பலர் ஆச்சரியப்படுவார்கள். புதரோரங்களில் பந்தலாகப் படரும் ரேசாம் பெரணியும், மழைமரக் கிளைகளில் கூடு கட்டியதுபோல உட்கார்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணியும் இலையின் அடியில் பழுப்புப் பொடியாக வித்து விடுகின்றன. செம்பனை இன்னொரு சுவாரசியம். மலேசியாவில் ஒரு காலத்தில் கூலிக்கு ஆள் வைத்து அதன் மகரந்தத்தைத் தூவினார்கள். 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு வண்டே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இருந்தும் காற்றிலும் பறக்கிறது, ஜலசந்தி தாண்டி வர அதற்குக் கடவுச்சீட்டு வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டு மூன்று. ஒவ்வொன்றிலும் வாஸ்லின் களிம்பு துளியளவு எடுத்து, விரலால் கண்ணாடியே தெரியாத அளவுக்கு மெல்லப் பூசுங்கள். கனமாகப் பூசினால் மணிகள் உள்ளே புதைந்து மங்கலாகத் தெரியும். எல்லோரும் செய்யும் தப்பு இதுதான். ஒன்றை வேலியிலிருந்து ஒரு சாண் தள்ளியும், ஒன்றை ஐந்து மீட்டர் தள்ளியும், ஒன்றை உங்கள் சன்னல் விளிம்பிலும் வையுங்கள். மழை படாதபடி ஐஸ்கிரீம் டப்பா மூடியை நாலு குச்சியில் தூக்கிக் கூரையாக நிறுத்தலாம், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். 24 மணி நேரம். பிறகு பள்ளி நுண்ணோக்கியில் 100 மடங்கில் தேடி, 400 மடங்கில் உறுதிசெய்யலாம். வளைந்த பழுப்பு வாழைப்பழம் மாதிரி, மூன்று நாலு அறையோடு, ஓர் அறை மட்டும் உப்பியிருந்தால் கர்வுலேரியா என்கிற பூஞ்சை. அவரைக்கொட்டை மாதிரியோ முக்கோணமாகவோ இருந்தால் பெரணி. உருண்டையாக, ஒரே ஒரு வட்டத் துளையோடு இருந்தால் புல். ஒப்பிட, கெமுனிங் பூவின் மகரந்தத்தாளைத் தனிக் கண்ணாடியில் தேய்த்து முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் தள்ளி வைத்ததில் அது சில மணி இருக்கலாம். சன்னல் கண்ணாடியில் அதைத் தேடிக் கண் வலிப்பதுதான் மிச்சமாக இருக்கும். பூஞ்சை வித்தைத் தேடவே வேண்டாம்.

ஆனால் காலையில் எழுந்ததும் தும்மல், பகலில் வெளியே போனால் பரவாயில்லை என்றால், கண்ணாடித் துண்டையும் வேலியையும் விட்டுவிட்டு மெத்தையைப் பாருங்கள். இந்த ஊரில் ஒவ்வாமைக்குப் பெரிய காரணம் தூசிப்பூச்சி. ஆண்டு முழுக்க ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் ஊர் அதற்குச் சொர்க்கம். குளிர்நாடுகளில் அவ்வளவாகப் பேசப்படாத புளோமியா டிராப்பிகாலிஸ் என்கிற வகை இங்கே முன்னணியில் இருக்கிறது. நம் வீட்டுச் சலவை இயந்திரம் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில் ஓடுகிறது. அதில் அழுக்குப் போகும், பூச்சி சாகாது. 60 டிகிரி வேண்டும், வாரம் ஒருமுறை, தலையணை உறையும் சேர்த்து. சுடுநீர் தாங்காத துணிப் பொம்மையைப் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க உறைபெட்டியில் வைத்துவிட்டு அப்புறம் துவைக்கலாம்.

ஊகம் போதும் என்றால் தோல் குத்துச் சோதனை இருக்கிறது. முன்கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள். 15, 20 நிமிடத்தில் தெரிந்துவிடும். உப்புநீர் வைத்த இடத்தைவிடத் தடிப்பு 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பதில் ஆம். சோதனைக்குச் சில நாள் முன்பே ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை நாள் என்பது மாத்திரையைப் பொறுத்தது, முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். சளி மருந்திலும் அதே சரக்கு கலந்திருக்கும், அதை மறந்துவிட்டுப் போய் நின்றால் சோதனை வீண்.

வெட்டுகிற நாள்

வேலியால் தும்மல் வரவே வராதா என்றால், வரும். பூக்கிற நாளைவிட வெட்டுகிற நாளில். பெட்ரோல் கத்தரி ஓடும்போது இலையில் மாதக்கணக்கில் படிந்த சாலைத் தூசி, அடியில் மட்கும் சருகின் பூஞ்சை, இயந்திரப் புகை எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். பின்னாலேயே ஊதுகுழாய்க்காரர் வந்து மிச்சத்தையும் இரண்டாவது மாடிக்கு அனுப்பிவைப்பார். கெமுனிங்குக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. எலுமிச்சைச் சாறுறிஞ்சிப் பூச்சி என்று ஒரு குட்டிப் பூச்சி, தலையைக் கீழே குனிந்து முதுகைத் தூக்கி 45 டிகிரியில் உட்காரும். அதற்குப் பிடித்த வீடு கெமுனிங்கின் இளந்தளிர். அது கழிக்கும் இனிப்புத் திரவத்தில் கருமசிப் பூஞ்சை படரும். கறுத்த இலையைக் கத்தரி அடித்தால் வரும் தூசி வெறும் தூசி இல்லை. பால்கனியில் கறிவேப்பிலையும் கலமன்சியும் வைத்திருப்பவர்கள் இந்தப் பூச்சியைத் தனியாகவே பயப்பட வேண்டும். எலுமிச்சை வகைகளைக் கொல்லும் பச்சையாதல் நோயைச் சுமந்து வருவது இதுதான். என்னைக் கேட்டால் கெமுனிங் மேல் வைக்கத்தக்க நியாயமான குற்றச்சாட்டு இது ஒன்றே.

மழை பெய்து ஓய்ந்து, இலை சொட்டுவது நின்று, லேசான ஈரம் இருக்கும்போது கைக்கத்தரியால் வெட்டினால் தூசி கிளம்பாது. மின்கத்தரி என்றால் ஈரத்தில் கூடாது. இலை காய்ந்த பிறகு, தொடங்குவதற்கு முன் வேறு குழாய்த் தண்ணீரும் அடிக்காமல், முகக்கவசம் போட்டுக்கொண்டு வெட்டுவதே வழி. ஒருமுறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகியும் இருக்கட்டும். சுவர் மாதிரி நேராகவோ குடை மாதிரி மேலே விரித்தோ வெட்டினால் அடியில் வெளிச்சம் போகாமல் இலை கொட்டி, உள்ளே சருகு சேர்ந்து, பூஞ்சைப் பண்ணையாகிவிடும். மேலோட்டமாக மழிப்பதோடு நில்லாமல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையை உள்ளே விட்டு, காய்ந்த குச்சிகளை அடியோடு எடுத்து, காற்று போக அங்கங்கே சன்னல் திறந்துவிட வேண்டும். புதிதாக நடுவதென்றால் செடிக்குச் செடி 45 செண்டிமீட்டர். சீக்கிரம் அடைக்க வேண்டும் என்று 20இல் நெருக்கி நட்டால் இரண்டே வருடத்தில் உள்ளே எல்லாம் காய்ந்த குச்சி. விழுந்த இதழையும் சருகையும் ஊதாமல் கூட்டி அள்ளச் சொல்லுங்கள். வெட்டுகிற நாள் முன்கூட்டியே தெரிந்தால் கீழ்மாடிக்காரர்கள் காலையில் சன்னலைச் சாத்தி, காயப்போட்ட துணியை உள்ளே எடுத்துவிடலாம். வாட்ஸாப் குழுவில் போடுவதற்கு உருப்படியான செய்தி அதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் வாசனை தாங்கவில்லை என்பவருக்கு, செடியைப் பிடுங்காமலே ஒரு வழி. கெமுனிங் புதுக்கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெயில் காய்ச்சிய பின் மழை பெய்து சில நாளில், நுனியில் அரிசிமணி அளவுக்குப் பச்சையும் வெள்ளையுமாய் மொட்டு தெரியும்போது, அந்தச் சன்னலுக்கு நேரே இருக்கும் மூன்று நாலு மீட்டரில் மட்டும் மேலே ஐந்து செண்டிமீட்டர் சீவிவிட்டால் அந்தச் சுற்றுக்குப் பூ இல்லை. வரிசையின் மற்ற பக்கம் அதன் போக்கில் பூத்துக்கொள்ளும்.